தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு: இந்திய–இலங்கை வரிச்சலுகையைக் கையில் வாங்குவது எப்படி

இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா தன் பக்க வரிக்குறைப்பை 2003-லும், இலங்கை தன் பக்கத்தை 2008-லும் முடித்துவிட்டன. அப்படியிருந்தும், சலுகைக்குத் தகுதியான சரக்கு முழு வரி கட்டிக் கரையேறுவது இன்றும் நடக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வாங்குபவரிடம் முதலில் விலையைப் பேசிவிடுகிறார்கள், பொருள் இந்தியாவில் ஆனது என்று காட்டும் தோற்றச் சான்றிதழைப் பற்றிச் சரக்கு கட்டும் நாளில் யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எச்எஸ் கோடு (சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) முதலில், அடுத்து செலவுக் கணக்கு, அதற்கடுத்து சான்றிதழ் பதிவு. விலை சொல்வது கடைசியில்.

கீழே உள்ளது தமிழ்நாட்டில் சிறு அளவில் உற்பத்தி செய்து இலங்கைக்கு அனுப்புகிறவர்களுக்கானது. அங்கிருந்து இறக்குமதி செய்பவர்களுக்கு வேண்டியதைப் பின்பகுதியில் சொல்கிறோம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது கோயம்புத்தூர் மோனோபிளாக் பம்ப்செட். இந்த ஒப்பந்தத்தின் நெளிவுசுளிவு எல்லாம் அந்த ஒரு பொருளிலேயே தெரிந்துவிடும்.

கோடும் பட்டியலும்

எச்எஸ் கோடின் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குமேல் உள்ளவை நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உங்கள் ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்காக இங்கே சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்) உள்ள எட்டு இலக்கத்தை அப்படியே வாங்குபவருக்கு அனுப்பி "இதற்கு வரி என்ன?" என்று கேட்காதீர்கள். ஆறு இலக்கத்தையும் பொருளின் முழு விவரத்தையும் கொடுத்து, இலங்கைச் சுங்கத் திணைக்களத்தின் வரிப்புத்தகத்தில் அது எந்த வரி இனத்தில் விழுகிறது என்று அவருடைய சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். மின்மோட்டாருடன் ஒன்றாக வரும் மையவிலக்கு பம்ப் 8413.70-இல் வரும். அதைச் சிலர் மோட்டார் என்று 8501-இல் போட்டுவிடுகிறார்கள். கொழும்பில் கோடு மாற்றப்பட்டால் கையில் உள்ள சான்றிதழ் வேறொரு பொருளுக்கானதாகிவிடும்.

அடுத்து எதிர்மறைப் பட்டியல். சலுகையே கிடையாது என்று ஒவ்வொரு நாடும் ஒதுக்கி வைத்த பொருள்கள் அதில் இருக்கும். ஒப்பந்தம் போட்டபோது இந்தியா 429 வரி இனங்களையும் இலங்கை 1,180 இனங்களையும் ஒதுக்கின. இலங்கையின் பட்டியல் நீளமாக இருப்பது தற்செயலல்ல, சிறிய பொருளாதாரத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு என்பது பேச்சுவார்த்தையின் அடிப்படையாகவே இருந்தது. உங்கள் பொருள் அதில் இருந்தால் இந்த ஒப்பந்தத்தில் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அதோடு விட்டுவிட வேண்டாம். 2006-இல் நடைமுறைக்கு வந்த தெற்காசிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தமான சாப்டாவும், பாங்காக் ஒப்பந்தம் என்று 1975-இல் தொடங்கிய ஆசிய–பசிபிக் வர்த்தக ஒப்பந்தமான ஆப்டாவும் இரு நாடுகளுக்கும் பொருந்தும். அவற்றின் பட்டியல்கள் வேறு, சலுகை அளவு வேறு, விதிகளும் கொஞ்சம் கடுமை. ஒரு சரக்குக்கு ஒரு ஒப்பந்தத்தின் கீழ்தான் சலுகை கேட்க முடியும், சான்றிதழும் அந்த ஒப்பந்தத்தின் படிவத்தில்தான் இருக்க வேண்டும்.

பட்டியலைத் தாண்டியதும் இன்னொரு கணக்கு. சலுகை சுங்கத் தீர்வைக்கு மட்டும்தான். இலங்கைத் துறைமுகத்தில் அதோடு வேறு சிலவும் சேரும்: செஸ் என்னும் கூடுதல் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி (வாட்), சமூகப் பாதுகாப்பு உதவுத்தொகை வரி. சான்றிதழைக் காட்டி இவற்றைக் குறைக்க முடியாது. தீர்வை பூஜ்யமானால் அதன்மேல் ஏறும் பெறுமதி சேர் வரியும் கொஞ்சம் குறையும், அவ்வளவே. "வரியே இல்லை" என்று வாங்குபவரிடம் சொல்லிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) போன்ற உணவுப் பொருள்களுக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டப்படி, மற்ற வரிகளுக்குப் பதிலாகக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே தொகையாக விதிக்கப்படுவது. அது இருக்கும்வரை சுதந்திர வர்த்தகச் சான்றிதழால் பயன் இல்லை. அந்தத் தொகையும் வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் மூலம் திடீரென்று மாறும். உள்ளூர் அறுவடை நேரத்தில் ஏறும் என்பது வெங்காய வியாபாரிகளுக்குத் தெரிந்ததே. ஆகவே காய்கறி, மளிகைச் சரக்குக்காரர்கள் இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதிக்குப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பொருள் எங்கே பிறந்தது

இங்கேதான் அதிகம் வழுக்கும். தோட்டத்தில் விளைந்தது, கடலில் பிடித்தது முழுக்க இந்தியப் பொருள் என்பதில் பிரச்சினை இல்லை. தொழிற்சாலையில் செய்யும் பொருளுக்கு இரண்டு நிபந்தனைகள், இரண்டும் சேர்ந்தே நிறைவேற வேண்டும்.

ஒன்று மதிப்புக் கூட்டல். எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும் வரையான விலை) குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் கூடியிருக்க வேண்டும். மாற்றிச் சொன்னால், வெளிநாட்டு இடுபொருள் எஃப்ஓபி விலையில் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது தலைப்பு மாற்றம். முடிந்த பொருளின் நான்கு இலக்க எச்எஸ் தலைப்பு, அதில் போட்ட ஒவ்வொரு வெளிநாட்டு இடுபொருளின் தலைப்பிலிருந்தும் வேறுபட்டிருக்க வேண்டும்.

ஒரு பம்ப்செட் எஃப்ஓபி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்காக மட்டும்.)

பேரிங், தலைப்பு 8482, இறக்குமதி: 450 ரூபாய்
மெக்கானிக்கல் சீல், 8484, இறக்குமதி: 350 ரூபாய்
சிலிக்கான் ஸ்டீல் தகடு, 7225 அல்லது 7226, இறக்குமதி: 1,700 ரூபாய்
வைண்டிங் ஒயர், 8544, இந்தியத் தயாரிப்பு, ஆதாரம் உண்டு: கணக்கில் சேராது

வெளிநாட்டு இடுபொருள் 2,500 ரூபாய், அதாவது 25 சதவீதம். உள்நாட்டு மதிப்பு 75. நான்கு இலக்கத் தலைப்பு எதுவும் 8413 இல்லை. பம்ப் தேறிவிட்டது.

இப்போது அதே பம்பில் வார்ப்பு இம்பெல்லர் ஒன்றைச் சீனாவிலிருந்து இறக்கிப் போடுங்கள், விலை வெறும் 200 ரூபாய். பம்பின் உதிரிபாகம் 8413.91. பம்பும் 8413, இம்பெல்லரும் 8413. தலைப்பு மாறவில்லை. மதிப்புக் கூட்டல் 73 சதவீதம் இருந்தும் பம்ப் விழுந்துவிடும். இரண்டு சதவீதம்தானே என்று விட்டுக்கொடுக்க விதியில் இடமில்லை. கடைசல் பிடிக்காத கரடு வார்ப்பாக வாங்கினாலும் தப்ப முடியாது. வடிவம் வந்துவிட்ட பாகம், வேலை முடியாவிட்டாலும், அந்தப் பாகமாகவே வகைப்படும். அதே சமயம் ரோட்டர், ஸ்டேட்டர் போன்ற மோட்டார் பாகங்கள் 8503. அவற்றை இறக்கினாலும் 8413-க்குப் பாதிப்பில்லை. மோட்டாரை மட்டும் தனியாக விற்பவர்களுக்கும் அப்படியே, மோட்டார் 8501, பாகம் 8503. எந்தப் பாகத்தை இறக்குமதி செய்யலாம், எதை உள்ளூர் ஃபவுண்டரியில் ஊற்றியே ஆக வேண்டும் என்பதைக் கொள்முதல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். சலுகை பறிபோவது பெரும்பாலும் ஏற்றுமதி மேசையில் அல்ல, விலை மலிவு என்று கொள்முதலில் ஒரு பாகத்தை மாற்றும் நாளில்.

கணக்கில் கவனிக்க வேண்டிய வேறு சில:

நேரடியாக இறக்குமதி செய்த பொருளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் சிஐஎஃப் மதிப்பு (பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்தது). நீங்கள் கட்டிய சுங்கவரி அதில் சேராது. பலர் கிடங்கில் வந்து இறங்கிய மொத்த விலையைப் போட்டு, தேறும் பொருளைத் தேறாததாக்கிக்கொள்கிறார்கள்.

உள்ளூர்க் கடையில் வாங்கிய பொருள் எங்கே செய்யப்பட்டது என்று காட்ட முடியாவிட்டால் அது வெளிநாட்டுப் பொருளாகவே எண்ணப்படும், அதுவும் நீங்கள் கொடுத்த விலைக்கு. மேலே சொன்ன வைண்டிங் ஒயருக்கு ஆதாரம் இல்லை, விலை 1,600 என்றால், வெளிநாட்டுப் பங்கு 41 சதவீதமாகிவிடும். பம்புக்கு அது தாங்கும். மெல்லிய லாபத்தில் ஓடும் பொருளுக்குத் தாங்காது. சப்ளையரிடம் உற்பத்தி இடம் குறித்த கடிதம் ஒன்றை ஆண்டுதோறும் வாங்கி வையுங்கள்.

எஃப்ஓபி என்பதற்குள் உங்கள் கூலி, மேற்செலவு, லாபம், துறைமுகம் வரையான வண்டிக்கூலி எல்லாம் அடங்கும். அதனால் விலையைக் குறைத்தால் சதவீதமும் ஆடும். வெளிநாட்டு இடுபொருள் 6,300 ரூபாய், எஃப்ஓபி 10,000 என்றால் 63 சதவீதம், தேறும். வாங்குபவர் கேட்டாரென்று 500 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் 6,300-ஐ 9,500-ஆல் வகுக்க வேண்டும், 66 சதவீதத்தைத் தாண்டிவிடும். ரூபாயில் விலை பேசி, டாலரில் இடுபொருள் வாங்குபவர்களுக்கு டாலர் ஏறும்போதும் இதே கதிதான். 60-க்கு மேல் போகும் பொருளை எல்லைப் பொருளாகக் கருதி ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

இலங்கையிலிருந்து வாங்கிய இடுபொருளுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. இரு நாட்டு மதிப்பையும் கூட்டி 35 சதவீதம் வந்தால் போதும், ஆனால் ஏற்றுமதி செய்யும் நாட்டில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். இலங்கை ரப்பரில் பொருள் செய்து அங்கேயே திருப்பி அனுப்பும் தொழிலுக்கு இது பயன்படும். இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமே, பக்கத்து நாட்டோடு ஒப்பந்தம் போடுவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

சுத்தம் செய்தல், தரம் பிரித்தல், சிறு பொட்டலமிடுதல், தண்ணீர் கலத்தல், வெறுமனே கலவை செய்தல் ஆகியவை உற்பத்தி ஆகாது. வேறு நாட்டுப் பொருளைச் சென்னையில் பிரித்து மறுபடி அட்டைப்பெட்டியில் அடைத்தால் அது இந்தியப் பொருளாகிவிடாது.

சான்றிதழ்

இந்த ஒப்பந்தத்துக்கான தோற்றச் சான்றிதழை இந்தியாவில் வழங்குவது ஏற்றுமதி ஆய்வுக் குழுவின் கீழுள்ள முகமைகள். சென்னை, கொச்சி, மும்பை, டெல்லி, கொல்கத்தா என ஐந்து முகமைகள். வர்த்தக சங்கங்கள் கொடுக்கும் சாதாரணத் தோற்றச் சான்றிதழ் வேறு, அதற்கு வரிச்சலுகை கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சங்கச் சான்றிதழை அனுப்பி வைப்பது புதியவர்கள் தொடர்ந்து செய்யும் தவறு. இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரும் சரக்கு என்றால் கொழும்பில் உள்ள வர்த்தகத் திணைக்களம் வழங்கும்.

ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான பதிவெண்), ஜிஎஸ்டியில் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழி), துறைமுகத்தில் ஏடி கோடு (உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணி எண்) பதிவு ஆகியவை எந்த ஏற்றுமதிக்கும் வேண்டியவை, உங்கள் சுங்க முகவர் (சிஎச்ஏ) முடித்துக் கொடுப்பார். ஐஇசி விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதிசெய்யாவிட்டால் அது முடங்கிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் உறுதிசெய்ய வேண்டும்.

சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) இணையவழித் தளத்தில், டிஜிட்டல் கையொப்பத்துடன். முதல் முறை பொருளையும் அதன் செலவு விவரத்தையும் சமர்ப்பிக்கும்போது கேள்விகள் வரும். எந்த இடுபொருள், எந்த எச்எஸ், எங்கிருந்து, என்ன விலை என்ற பட்டியல் தயாராக இருந்தால் வேகமாக முடியும். ஆகவே முதல் கன்டெய்னர் கிளம்பும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள், மாதிரி அனுப்பும் கட்டத்திலேயே பொருளை ஏற்கச் செய்துவிடுங்கள். கப்பல் போன பிறகு வாங்கும் சான்றிதழுக்கு இரண்டு பக்கமும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), தோற்றச் சான்றிதழ் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி படியுங்கள். பொருளின் பெயர் ஒரே சொற்களில் இருக்கிறதா? இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் சான்றிதழில் சரியா? பெட்டி எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை பொருந்துகிறதா? வாங்குபவரின் பெயர் அவருடைய சுங்கப் பதிவில் உள்ளபடியே இருக்கிறதா? கடைசி நிமிடத்தில் நான்கு பெட்டி குறைந்தது என்று இன்வாய்ஸைத் திருத்திவிட்டுச் சான்றிதழைப் பழைய எண்ணிக்கையோடு விட்டுவிட்டால், அந்த நான்கு பெட்டிக்காக மொத்தச் சரக்கும் கொழும்பில் நிற்கும். முழு வரியையும் கட்டி எடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பதும் ஒரு வழிதான், ஆனால் அந்தப் பணத்தை நம்பித் தொழில் நடத்த முடியாது.

சரக்கு நேராகப் போக வேண்டும் என்பதும் விதி. தூத்துக்குடி–கொழும்பு நேரடிக் கப்பலில் இது ஒரு பொருட்டே இல்லை. மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் இறக்கி ஏற்றினால், அங்கே வணிகத்துக்குள் நுழையவில்லை, ஏற்றி இறக்கியதற்குமேல் எதுவும் செய்யவில்லை என்று காட்ட வேண்டும்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பலில் பையில் கொண்டுபோகும் சரக்குக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. குருவி வியாபாரம் பயணிகள் உடைமை விதிகளுக்குள் அடங்கியது, அதைச் சான்றிதழோடு சேர்த்துப் பேசும் ஆட்களிடம் கொஞ்சம் தள்ளியிருங்கள்.

வாங்குபவர் அந்தப் பக்கம் செய்ய வேண்டியவற்றில் இரண்டை மட்டும் நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். பொருளுக்கு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் உரிமம் தேவையா? பொருள்களின் தரம் பார்க்கும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் கட்டாயப் பரிசோதனைப் பட்டியலில் அது இருக்கிறதா? தோற்றச் சான்றிதழ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இவற்றுக்கு மாற்று ஆகாது.

அங்கிருந்து இங்கே கொண்டுவருபவர்களுக்கு

இலங்கையிலிருந்து வாங்கும் தமிழ்நாட்டு வியாபாரிக்கு வேலை கூடுதல். ஒப்பந்தச் சலுகை கேட்கும் இறக்குமதிக்கான காரோடார் விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளன. சான்றிதழ் இருந்தால் போதும் என்ற காலம் அதோடு போயிற்று. பொருள் எப்படி அந்த நாட்டுப் பொருளானது என்பதை இறக்குமதியாளரே அறிந்திருக்க வேண்டும். படிவம் ஒன்றில் உற்பத்தி முறை, இடுபொருள், மதிப்புக் கூட்டல் விவரங்களைப் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்) போடுமுன்பே நிரப்பி வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் 10 வேலை நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். அனுப்புகிறவர் "அது எங்கள் தொழில் ரகசியம்" என்று சொன்னால், ஆர்டர் போடுமுன்பே சொல்லட்டும். சந்தேகம் எழுந்து விவகாரம் கொழும்புக்குச் சரிபார்க்கப் போனால், அதுவரை வரி வித்தியாசத்துக்கு உத்தரவாதம் கட்டித்தான் சரக்கை எடுக்க முடியும்.

இந்தக் கடுமைக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. வனஸ்பதியில், பாக்கில், மிளகில் மூன்றாம் நாட்டுச் சரக்கு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்ற புகார் பல ஆண்டுகள் ஓடியது. இன்று வனஸ்பதி, பேக்கரி ஷார்ட்டனிங், மார்ஜரின் மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,50,000 டன், மிளகுக்கு 2,500 டன், தேங்காய்த் துருவலுக்கு 500 டன் என்று உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் 2017 டிசம்பரில் மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். பாக்குக்கு அது 2023-இல் 251-இலிருந்து 351 ரூபாயாக உயர்ந்தது. இந்த விலைக்குக் கீழ் வரும் சரக்கு தடைசெய்யப்பட்ட சரக்கு, தோற்றச் சான்றிதழ் அதைக் காப்பாற்றாது. கொழும்பில் ஒருவர் மலிவு மிளகு இருக்கிறது, சான்றிதழும் தருகிறேன் என்றால் தோட்டம் எந்த மாவட்டம் என்று முதலில் கேளுங்கள்.

நேரமும் குறுகியது. இலங்கையிலிருந்து கடல்வழி வரும் சரக்குக்குக் கப்பல் வந்து சேரும் நாளின் முடிவுக்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் 10,000 ரூபாய். கப்பல் ஓர் இரவில் வந்துவிடும். மூலச் சான்றிதழ் கூரியரில் மூன்றாம் நாள் வரும் என்று இருந்தால் அபராதம் நிச்சயம்.

பணம்

2022 ஜூலை 8 முதல் இலங்கையுடனான வணிகத்தை ஆசியத் தீர்வக அமைப்புக்கு (ஆசிய நாட்டு மத்திய வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு) வெளியே, இந்திய ரூபாய் உள்பட அனுமதிக்கப்பட்ட எந்த நாணயத்திலும் முடித்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. டாலர் தட்டுப்பாட்டில் வந்த ஏற்பாடு. இரண்டு பக்கமும் வங்கி இதைச் செய்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இன்வாய்ஸில் நாணயத்தை எழுத வேண்டும். தலைமை அலுவலகம் செய்யும், உங்கள் கிளைக்குத் தெரியாது என்பதும் நடக்கும், அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள கிளையில் கணக்கு வையுங்கள். புது வாங்குபவர் என்றால் எல்சி (அவருடைய வங்கி தரும் பண உறுதிப் பத்திரம்) அல்லது முன்பணம். கடன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் (இசிஜிசி) காப்பீடு எடுத்துவிடுங்கள். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியபோது, நல்ல வாங்குபவர்களால்கூட வங்கியில் டாலர் கிடைக்காமல் பணம் அனுப்ப முடியவில்லை. ஆள் நம்பிக்கையானவர் என்பது நாட்டின் அந்நியச் செலாவணி இருப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

ஒப்பந்தம் பொருள்களுக்கு மட்டுமானது. பம்பை நிறுவித்தர ஆள் அனுப்புவது, பழுது பார்க்கக் கட்டணம் வாங்குவது போன்ற சேவைகள் இதில் இல்லை. 2016-இல் தொடங்கி, 2023-இல் மீண்டும் எடுக்கப்பட்ட எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) பேச்சுவார்த்தை அதையும் உள்ளே கொண்டுவருவதற்கானது. பொருளின் விலையிலேயே நிறுவும் கூலியைச் சேர்த்து எஃப்ஓபியை ஏற்றிக் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. மதிப்புக் கூட்டல் சதவீதம் அழகாகத் தெரியும், ஆனால் கொழும்பில் மதிப்பீட்டுக் கேள்வி வந்தால் செலவுத்தாளும் இன்வாய்ஸும் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். நிறுவும் கூலிக்குத் தனி இன்வாய்ஸ் போடுங்கள்.